கூழாகக் கூடாது

மாமனாருக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, மருத்துவமனையிலிருந்து ஒருவழியாக வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு உத்தரவும் வந்தது. இனி அவர் சாப்பிடும் எதுவும் முள்கரண்டியின் சந்தில் நுழையும் அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். அதே நேரம் கூழாகவும் கூடாது.

விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண் இதை வாயால் சொன்னதோடு விடவில்லை. வேகவைத்த கேரட் துண்டு ஒன்றை முள்கரண்டியில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

"இந்தச் சந்து வழியா இறங்கணும். இறங்காதது தொண்டையில நிக்கும்."

"பேசாம கூழாவே அரைச்சுக் குடுத்துட்டா?" என்று மருமகள் கேட்டாள்.

"அப்படியே பழகிட்டா மெல்லுறது மறந்துடும். வாய்க்கும் ஏதாவது வேலை வேணும்ல. அதுவுமில்லாம, கூழை இவர் துப்புறாரே."

துப்பத்தான் செய்தார். நாற்காலி, மேசை, கடிகாரம், செத்தவர் வீட்டுப் பீரோ என்று கண்டதையும் ஏலம் கூவி விற்றே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர். வாய்தான் அவருடைய முதல். இப்போது அந்த வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. பேச்சு போனாலும் ரோஷம் போகவில்லை. சாம்பல் நிறத்தில் கிண்ணத்தில் கிடந்த கூழைப் பார்த்து, "சுவத்துக்கு... பூசு" என்றார்.

சரி, பொடியாக நறுக்கிவிடலாம் என்றால் மருமகளின் கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தி, எறும்புத் தலை அளவு திருகாணிகளை நாள் முழுக்கத் திருகித் திருகி, வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிவிட்டது. மருத்துவர் ஒரு பட்டையை மாட்டிவிட்டு, கட்டைவிரலுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றார். கட்டைவிரலுக்கு வேலையில்லாத வேலை எது என்பதை அவர் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் முன் மாமனாருக்கான காயையும் கறியையும் பொடிப்பொடியாக நறுக்கி முடிக்கும்போது, அவளுக்கு மணிக்கட்டு வரை நெருப்பு வைத்தது போல் எரியும்.

வீட்டு மிக்ஸி இந்த விஷயத்தில் சுத்த மோசம். ஒரு நொடி ஓட்டினால் பாதி காய் வெட்டுப்படாமல் கிடக்கும். இன்னொரு நொடி ஓட்டினால் மொத்தமும் கூழ். நடுவில் நிற்கவே அதற்குத் தெரியாது.

"எனக்கு ஒரு ஃபுட் ப்ராசஸர் வேணும்" என்று கணவனிடம் சொன்னாள்.

"வாங்கிடலாம்" என்றான் அவன். "கொஞ்சம் பார்த்து வாங்கலாம்."

அங்கேதான் வினை பிடித்தது.

விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது அவன் தொழில். எதைப் பார்த்தாலும் அது எங்கே நசுங்கும், எங்கே பிளக்கும் என்றுதான் அவன் கண் போகும். இயந்திரம் வாங்குவதற்கும் அதே முறையைக் கையாண்டான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். அதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, திட்டி எழுதியவர்களை மட்டும் தேடித் தேடிப் படித்தான்.

"இது நல்லா இருக்கும் போலிருக்கே" என்று அவள் ஒன்றைக் காட்டுவாள்.

"அதுவா? யாரோ ஒருத்தங்களுக்கு மூணாவது மாசமே புகை வந்திருக்கு."

"சரி, இது?"

"கிண்ணத்துல கீறல் விழுதாம்."

"இது?"

"இதுல குறை ஒண்ணும் இல்லை" என்பான். அவள் நிமிர்ந்து உட்காருவாள். "அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

வாரங்கள் போயின. எத்தனை வாட், எத்தனை லிட்டர், மோட்டாரிலிருந்து வெட்டும் அலகுக்கு நேரடி இணைப்பா, பட்டை வைத்ததா என்று அவனுக்கு எல்லாம் மனப்பாடம். சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றிப் பேசினான், பல் துலக்கிக்கொண்டே பேசினான். அவளோ அந்த நேரமெல்லாம் கத்தியும் பலகையுமாக நின்றிருந்தாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "நீங்க படிக்கிற நேரத்துக்கு அந்த கேரட்டை நறுக்கியிருந்தா ஒரு வண்டி நறுக்கியிருக்கலாம்" என்றாள். அன்று அவன் நறுக்கினான். ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. அதை அவள் மறுபடி நறுக்கினாள்.

இந்த நிலையில்தான் நாத்தனார் நடுவில் புகுந்தாள். கணவனின் அக்கா. ஒரு பேருந்து ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவைப் பார்க்க வருவாள். அப்பாமேல் உயிர். ஆனால் அந்தப் பாசம் மருமகளின் முதுகில் ஏறித்தான் அப்பாவிடம் போகும்.

"மெஷின் எதுக்கு? என் மாமியார் படுக்கையில கிடந்தப்போ எல்லாம் என் கையாலதான் செஞ்சேன்" என்றாள் ஒரு ஞாயிறு.

"உங்க கட்டைவிரல் நல்லா இருந்துச்சு அண்ணி" என்றாள் மருமகள்.

நாத்தனார் அந்தப் பட்டையை அன்றுதான் சரியாகப் பார்த்தாள் போலிருக்கிறது. அடுத்த வாரமே, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கடையிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள்.

"இருக்கிறதுலயே பெருசு" என்று நாத்தனார் போனில் சொன்னாள். "அப்பாவுக்குன்னு வரும்போது நான் கணக்குப் பார்க்க மாட்டேன்."

பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு பட்டறையே இருந்தது. மெல்லிசாகச் சீவ ஒரு தட்டு, தடிமனாகச் சீவ ஒரு தட்டு, துருவ ஒரு தட்டு, மாவு பிசைய ஒரு அலகு, பழம் பிழிய ஒரு குமிழ், எதற்கென்று கடைசி வரை யாருக்கும் விளங்காத ஒரு வளைந்த கம்பி. சமையல் மேடையில் வைத்தால் மேல் அலமாரி இடித்தது. தரையில் வைத்தால் குனிய வேண்டும். கடைசியில் சாப்பாட்டு மேசையில் மாமனாரின் எதிர் இருக்கையை அதற்கு ஒதுக்கினார்கள். சாப்பிட வந்த விருந்தாளி போல அது அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதன் குறை என்னவென்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ஊருக்கே பந்தி போடும் கிண்ணத்தில் ஒரு ஆளுக்கான காயைப் போட்டால் என்ன ஆகும்? அலகு சுற்றியதும் காய் எல்லாம் தெறித்துக் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது முழுசாக இருந்தது. அடியில் மாட்டியது கூழானது. மூடியைத் திறந்து, வழித்துக் கீழே தள்ளி, மூடி, ஓட்டி, மறுபடி திறந்து... அதற்குப் பிறகும் முள்கரண்டியால் கிளறிக் கட்டிகளைப் பொறுக்கி நறுக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் கழுவ ஒரு குட்டி மலை.

"இது சரிப்படாது. திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் கணவனிடம்.

"அக்கா மனசு கஷ்டப்படும்."

"என் கை கஷ்டப்படுதே."

"கொஞ்ச நாள் ஓட்டு. இதைவிடப் பொருத்தமா ஒண்ணு பார்த்துட்டே இருக்கேன்."

பார்த்துக்கொண்டே இருப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தாள். தான் வாங்கிக் கொடுத்ததில் தானே அப்பாவுக்குச் செய்து ஊட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மருமகள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் நாத்தனார் கேரட்டும் பீன்ஸும் போட்டு அரைத்து, மேலே பார்த்தால் பொடியாகத் தெரிந்ததால் அப்படியே கிண்ணத்தில் வழித்து, ஊட்டவும் ஆரம்பித்துவிட்டாள். முள்கரண்டி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

மருமகள் காதில் விழுந்தது இருமல் இல்லை. இருமல் வந்திருந்தால் அவள் நிதானமாக வந்திருப்பாள். நாற்காலி தரையில் உரசும் சத்தமும், "அப்பா, அப்பா" என்ற குரலும்தான் கேட்டன. ஓடி வந்து பார்த்தால் மாமனார் மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. கணவன் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றான்.

"தண்ணி குடுக்காதீங்க" என்று அதைத் தட்டிவிட்டாள். மாமனாரை முன்னால் சாய்த்து, மார்பை ஒரு கையால் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஓங்கி அடித்தாள். பயிற்சிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். மறுபடி அடித்தாள். மறுபடியும். எந்தக் கையால் அடிக்கிறோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. ஒரு பீன்ஸ் துண்டு, முழுசாக, மேசைமேல் வந்து விழுந்தது. மாமனார் ஊளையிடுவது போல மூச்சை இழுத்தார்.

மருமகள் அவர் வாயைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

"மேல பார்த்தப்போ பொடியாத்தான் இருந்துச்சு" என்றாள் நாத்தனார். அவள் கையில் இன்னும் கரண்டி இருந்தது. "பெருசா வாங்கினா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

மருமகளுக்குச் சொல்ல வாய் நிறைய இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கையை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்று மாமனார் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். பால் மட்டும் குடித்தார்.

மறுநாள் அவள் கடைக்குப் பாதி நாள் விடுப்புச் சொன்னாள். கேரட், பீன்ஸ், கோழிக்கறி மூன்றையும் தனித்தனியாக வேகவைத்து, மூன்று சின்ன டப்பாக்களில் போட்டுக்கொண்டாள். கைப்பையில் ஒரு முள்கரண்டி. கிளம்பும்போது மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மாமா? வெயில்ல."

"திங்கிறது... நான்தானே."

அதற்கு மேல் பேச வழியில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

பெரிய கடை. வாசலில் குளிர்காற்று, உள்ளே வரிசை வரிசையாகக் குளிர்பெட்டிகள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர் ஓடி வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தொடங்கியவர் நிறுத்தவில்லை. இதில் இத்தனை வாட், இதில் இத்தனை இணைப்புகள், இதைப் போன வாரம்தான் இறக்கினோம், இது இரண்டே பாக்கி. மாமனார் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று அதை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் தொழில் தெரிந்தவனின் சிரிப்பு வந்தது.

"நல்லா... கூவுறான்" என்றார் மருமகளிடம்.

அவள் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதைப் பொடியா வெட்டிக் காட்டுங்க. ஒரு ஆளுக்கான அளவு. எதுல சரியா வருதோ அதை எடுத்துக்கிறேன்."

விற்பனையாளர் டப்பாக்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படி எல்லாம் போட்டுக் காட்டுறது இல்லைங்க மேடம். எல்லாமே நல்லா வெட்டும். இதுல எழுதியே இருக்கு பாருங்க."

"எழுதியிருக்கிறதை என் வீட்டுக்காரர் ரெண்டு மாசமாப் படிக்கிறார். எனக்கு வெட்டிக் காட்டணும்."

"பெட்டியைப் பிரிச்சா மறுபடி விக்க முடியாதுங்க."

"பார்வைக்கு வெச்சிருக்கீங்களே, அதுல போடுங்க. கழுவிக் குடுத்துடுறேன்."

"மேனேஜரைக் கேக்கணும்."

"கேளுங்க."

மாமனார் இதற்குள் அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஒரு சாய்வு நாற்காலியை நடைபாதை நடுவே இழுக்கச் சொல்லி, அதில் உட்கார்ந்துவிட்டார். குளிர்பெட்டி பார்க்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மேலாளர் வந்தார். எழுந்திருக்கச் சொல்லவும் முடியாமல், இருக்கச் சொல்லவும் முடியாமல் நின்றார். மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரக்கைக் காட்டாம... யாருய்யா... விக்கிறது?"

பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி சிரித்தார்கள். மேலாளர் பெருமூச்சு விட்டு, எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்து வரச் சொன்னார்.

முதலில் கடையிலேயே விலை கூடியதில் போட்டார்கள். வீட்டில் நடந்ததே நடந்தது. காய் சுவரில், கூழ் அடியில். அவள் முள்கரண்டியால் கிளறி, தங்கிய கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடிமேல் வைத்தாள். இரண்டாவது குறுகலான உயரக் கிண்ணம். அடியில் இருந்தது கூழாகும் வரை மேலே இருந்தது இறங்கவே இல்லை. மூன்றாவதை அவரே தயங்கித்தான் எடுத்தார். பழைய மாதிரியாம்; யாரும் கேட்பதில்லையாம். பெரிய கிண்ணத்துக்குள் சொருகிக்கொள்ள ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதன் அலகு அடியைத் தொட்டுக்கொண்டு, சுவரை ஒட்டிக்கொண்டு சுற்றியது.

"தொடர்ந்து ஓட்டாதீங்க. விட்டு விட்டு அழுத்துங்க" என்றாள்.

விற்பனையாளர் ஒரு தடவை அழுத்தி எடுத்தார்.

"ஒரு தரம்" என்றது நாற்காலி.

விற்பனையாளர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

"ரெண்டு தரம்." இந்த முறை இரண்டு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுக்கவில்லை. மருமகள் அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மூணு தரம்."

மூடியைத் திறந்தார்கள். கேரட் மணல் மாதிரி இல்லை, கூழ் மாதிரியும் இல்லை; குட்டிக் குட்டி மணிகளாக, எல்லாம் ஒரே அளவில் கிடந்தது. முள்கரண்டியில் எடுத்து அழுத்தினாள். எல்லாச் சந்திலும் இறங்கியது. பீன்ஸைப் போட்டார்கள். கோழிக்கறி நார் நாராக நிற்கும் என்று பயந்தாள். இன்னும் சில தடவை விட்டு விட்டு அழுத்தியதும் அதுவும் வழிக்கு வந்தது. மாமனார் இடது கையை நீட்டினார். அவள் கொஞ்சம் வைத்தாள். கேரட்டை வாயில் போட்டு, கோணல் பக்கத்தைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு மென்றார். விழுங்கினார். அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி கையை நீட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் கணவன் வேலையிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். இயந்திரத்தின் பெயரைப் பார்த்தான், போனை எடுத்தான்.

"இதுல மூடி மாட்டுறது ரொம்பக் கஷ்டம்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க."

"அப்ப அவங்க வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கோங்க" என்றாள்.

அவன் அப்பாவைப் பார்த்தான். வாயோரத்தில் கேரட் மணியோடு அவர் மூன்றாவது கவளத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

எரிச்சல் அதோடு தீர்ந்தது என்றால் அதுதான் இல்லை. மறுநாள் சமையலறையில் சின்னக் கிண்ணத்தில் காயைப் போட்டு, மூடியை வைத்துத் திருகினாள். கட்டைவிரலில் மின்னல் வெட்டியது. மூடி பூட்டிக்கொண்டால்தான் இயந்திரம் ஓடும். பூட்டவோ அழுத்தித் திருக வேண்டும். கடையில் எல்லா மூடியையும் திருகியது விற்பனையாளர். எல்லாவற்றையும் சோதித்தவள் தன் விரலைச் சோதிக்க மறந்திருந்தாள். எழுதிய அந்த ஒருவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த மூடியையே பார்த்தாள். அழலாமா, தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று யோசித்தாள். கணவன் வாசலில் வந்து நின்றான். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லப் போகிறான், சொன்னால் இந்தக் கிண்ணம் அவன் தலையில்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அவன் சொல்லவில்லை. வந்து மூடியைத் திருகினான். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான். கழற்றி, விளிம்பில் துளி எண்ணெய் தடவி, மறுபடி திருகினான். கொஞ்சம் இலகுவானது. ஆனாலும் அவள் விரலுக்கு அது கூடுதல்தான்.

"இனிமே காலைல நான்தான் ஓட்டுவேன்" என்றான். "நீ வேகவெச்சு மட்டும் வை."

"முள்கரண்டி வெச்சுப் பார்க்கணும்."

"பார்க்கிறேன்."

"மேலாகப் பார்த்தா ஆகாது. கிளறிப் பார்க்கணும்."

"குறை கண்டுபிடிக்கிறதுதானே என் வேலை."

அந்த விஷயத்தில் அவன் சொன்னது சரி. முதல் வாரம் அவன் திருப்பி அரைத்த தடவைகளுக்குக் கணக்கே இல்லை. அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டே போகும், அவன் முள்கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு துண்டைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். பெரிய இயந்திரத்தை நாத்தனாரே வந்து எடுத்துப் போனாள். அவளுக்கும் அது எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் இங்கே அதன் முகத்தில் விழிக்க அவளால் முடியவில்லை. போகும்போது மருமகளின் கையைப் பிடித்து, பட்டையின் மேலாகவே தடவிவிட்டு, "எண்ணெய் ஏதாவது தேய்க்கிறியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவள் முதலில் கேட்பது முள்கரண்டியைத்தான்.

மாமனார் மட்டும் யாரையும் ஊட்டவிடுவதில்லை. தட்டில் ஆரஞ்சு ஒரு குவியல், பச்சை ஒரு குவியல், வெளுப்பில் ஒரு குவியல். மூன்றும் கலக்கக் கூடாது; கலந்தால் கோபம் வரும். பழக்கமில்லாத இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, எந்தக் குவியலில் தொடங்கலாம் என்று முதலில் நெடுநேரம் யோசிப்பார். பிறகு ஒரு வாய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு யுகம். வேலையிலிருந்து சாப்பாட்டு இடைவேளைக்கு ஓடி வந்த மருமகள் எதிரில் உட்கார்ந்து, தட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"ஆறிப் போகுது மாமா."

"ஆறட்டும்" என்பார், பச்சைக் குவியலின் ஓரத்தை அளவாக வெட்டி எடுத்துக்கொண்டே.